பன்றிக்கும் சேர்த்து எழுதிய குத்தகை

அன்றைக்குப் பண்ணை ஆபீசில் இருந்தவர்கள்: முதலாளி, திண்டுக்கல் தோல் மண்டி காதர் ராவுத்தர், அவரோடு வேட்டைக்கு வருகிற அவருடைய மச்சான், பத்திரத்தை வாசித்துக் காட்டிய நான். வராதவர்கள்: குத்தகைக்கு விட்ட நிலத்தைப் பாதி விளைச்சல் வாரத்துக்கு உழுகிற பதினோரு குடும்பத்தார். அவர்களுக்கு நான் சொல்லி அனுப்பவில்லை. வேட்டைக் குத்தகைக்கும் வெள்ளாமைக்காரர்களுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்தேன். நிலத்தின் நடுவே இருக்கிற பாறைக் கரட்டில் குடியிருக்கிற காட்டுப்பன்றிகளும் அன்றைக்கு வரவில்லை. அவை பிறகு வந்தன.

என் நாற்காலிக்கு வருகிற உங்கள் இரண்டு பேருக்கும் இதை எழுதி வைத்துவிட்டுப் போகிறேன். வேலையை விட்டுப் போகிறவர் வருகிறவர்களுக்குப் புத்தி சொல்வது வழக்கம்தான். ஆனால் அப்படிச் சொல்கிறவருக்குத் தலை நரைத்திருக்க வேண்டும். எனக்கு வயது முப்பத்தொன்று. சர்க்கார் பரீட்சையில் தேறி தாலுகா ஆபீசுக்குப் போகிறேன். இருந்தாலும், முப்பது வருஷம் வேலை பார்த்த ஒருவர் செய்யக்கூடிய தப்புகளை ஒன்பதே வருஷத்தில் செய்து முடித்துவிட்டேன். அந்த வகையில் எனக்கு ஓய்வு பெறத் தகுதி உண்டு. ஒருத்தன் பார்த்த வேலைக்கு முதலாளி ஏன் இரண்டு பேரைப் போடுகிறார் என்று நீங்கள் யோசித்திருப்பீர்கள். ஒருத்தர் எழுதுவதை இன்னொருத்தர் படித்துப் பார்க்கட்டும் என்பதற்காகத்தான். அந்த ஞானம் அவருக்கு என்னால் வந்தது.

புளியமரக் குத்தகை, கண்மாய் மீன் குத்தகை, கல் உடைக்கிற குத்தகை எல்லாம் ஒரு மாசத்தில் பழகிவிடும். வேட்டைக் குத்தகை அப்படி இல்லை. புளியமரம் ராத்திரி எழுந்து பக்கத்து நிலத்துக்குப் போய்விட்டுக் காலையில் திரும்பி வராது. முயலும் கவுதாரியும் அப்படியா? அவை நம்முடையவை என்று நாம் சொல்கிறோம். அவற்றிடம் யாரும் கேட்டதில்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருத்தன்தான். எங்கய்யா ஆடு மேய்த்தவர், கைநாட்டு. எழுதியிருப்பதை வாசிக்கத் தெரியாமல் அவர் ஏமாந்த இடங்களை எண்ணிக்கொண்டே நான் பத்தாம் வகுப்பு வரை படித்தேன். ஆகவே உலகத்தில் அநியாயம் நடப்பதற்கு ஒரே காரணம் சரியாக எழுதாத பத்திரம்தான் என்பது அந்த வயதில் என் கொள்கை. நான் எழுத ஆரம்பித்துவிட்டால் நியாயம் தானாக வந்து வரிசையில் நிற்கும் என்று நினைத்தேன்.

அணா போய் நயா பைசா வந்த புதிது அது. எரியோட்டுப் பக்கம் நம் பண்ணைக்கு இருக்கிற கரட்டையும் அதைச் சுற்றிய மானாவாரி நிலத்தையும் வேட்டைக்கு விடலாம் என்று முதலாளி சொன்னார். டவுனில் துப்பாக்கி வைத்திருக்கிற யாரிடமாவது வாய்ப்பேச்சாகப் பேசிக் கொடுத்துவிடலாம் என்பது அவர் யோசனை. நான்தான் குறுக்கே விழுந்தேன்.

“அப்படிச் செய்யக் கூடாதுங்க. மூடிய உறையில கேப்போம். எல்லாருக்கும் ஒரே நியாயம்.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “செய்யி” என்றார்.

மூன்று உறைகள் வந்தன. ஒன்றில் யாரோ தவறுதலாகப் போட்ட கல்யாணப் பத்திரிகை இருந்தது. இன்னொன்று ராவுத்தருடையது: முழு நிலத்துக்கும் வருஷத்துக்கு முந்நூற்றைம்பது ரூபாய், ஆனால் வேட்டை உரிமை தனக்கு மட்டும்தான் இருக்க வேண்டும். மூன்றாவது வத்தலக்குண்டு லாரிக்காரர்கள் எழுதியது. ‘எங்களுக்குப் பன்றி மட்டும் போதும். கவுதாரி, முயலை யாருக்கு வேண்டுமானாலும் கொடுத்துக்கொள்ளுங்கள். பன்றிக்கு இருநூறு ரூபாய் தருகிறோம்.’

ஒரே நிலத்துக்கு இரண்டு குத்தகைக்காரர்களா? ஒழுங்கீனம். அதோடு, விளம்பரம் செய்த பொருளை அவர்கள் முழுசாகக் கேட்கவும் இல்லை. ‘தள்ளுபடி’ என்று சிவப்பு மையில் எழுதி, கீழே ஒரு கோடும் போட்டேன். முந்நூற்றைம்பதும் இருநூறும் சேர்ந்தால் ஐந்நூற்றைம்பது. இதை நான் கூட்டிப் பார்க்கவில்லை. கணக்கில் நான் எழுபத்தெட்டு மார்க் வாங்கியவன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தம்பிகளா, உறைகளை ஒரே மாதிரி ஒட்டினால் மட்டும் நியாயம் ஆகிவிடாது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று ஒருத்தர் படிக்கவும் வேண்டும்.

பத்திரம் எழுதும்போது ராவுத்தர் தன் கவலையைச் சொன்னார். “நாங்க தோட்டா வாங்கிக்கிட்டு வாரதுக்குள்ள ஊர்க்காரங்க வலையப் போட்டு, கரட்டத் தொடச்சு வச்சிருவாங்க தம்பி. எனக்கு மட்டும்னு இருந்தாத்தான் இம்புட்டுக் காசு. இல்லேன்னா மார்க்கெட்ல ஆளுக்கு ரெண்டு கவுதாரி வாங்கித் தின்னுட்டுப் பேசாம இருந்துக்குவோம்.”

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. காசு கொடுக்கிறவருக்குச் சரக்கு இருக்க வேண்டும். அதற்கு, கவுதாரி, காடை, முயல் என்று மூன்று பெயரை எழுதியிருந்தால் முடிந்திருக்கும். எனக்கு மனம் ஒப்பவில்லை. எதையாவது விட்டுவிட்டால்? நாளைக்கு ஒரு தகராறு வந்தால்? ‘மேற்படி நிலத்தில் பறப்பன, ஓடுவன, ஊர்வன சகலமும் வேறு எவருக்கும் பாத்தியமின்றிக் குத்தகைதாரர் ஒருவருக்கே’ என்று எழுதினேன். ‘ஊர்வன’ சேர்த்ததால் பாம்பும் ராவுத்தருக்குப் போனது. அதோடு விட்டேனா? யாரும் கேட்காமலே இன்னொரு ஷரத்தையும் சேர்த்தேன். வேறு எவராவது ஒரு பிராணியைக் கொன்றால், பிராணி ஒன்றுக்கு இருபது ரூபாய் வீதம் ஆபீசார் குத்தகைதாரருக்கு ஈடு கட்ட வேண்டியது.

வெள்ளாமையைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அரைப் பக்கம் யோசித்தேன். சுடப்பட்ட கவுதாரி உயிரை விடுவதற்குள் ஓடிப்போய் பிஸ்மி சொல்லி அறுப்பதற்கு ராவுத்தர் ஓர் ஆளைக் கூட்டி வருவார். அந்த ஆள் கடலைச் செடிக்குள் ஓடினால் என்ன ஆவது? அவர் வரப்பிலேயே ஓட வேண்டும், வரப்பு இல்லாத இடத்தில் ஒற்றையடியாக ஓட வேண்டும் என்று எழுதினேன். நான் வாசிக்க வாசிக்க ராவுத்தர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“கவுதாரி வரப்புலதான் விழணும்னும் ஒரு வரி சேத்துருங்க தம்பி” என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. சேர்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆடியில் விதைத்த கடலை புரட்டாசியில் காய் பிடிக்கும். காய் பிடித்த வாசம் நமக்குத் தெரியாது, பன்றிக்குத் தெரியும். ஒருநாள் காலையில் ஆபீசைத் திறக்கும்போதே வாசலில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஒருத்தி, வெள்ளையம்மா. கரட்டை ஒட்டி மூன்று ஏக்கர் வாரத்துக்கு உழுகிறவள். புருஷன் கொடைக்கானல் மலைத் தோட்டத்தில் கூலி வேலை. அந்த வருஷம் விதைக்கடலை வாங்குவதற்காகக் காதில் கிடந்த தண்டட்டியை அடகு வைத்திருந்தாள். நீண்டு தொங்கிய காது வெறுமையாக ஆடிக்கொண்டிருந்ததால் அது ஊருக்கே தெரியும். கார்த்திகைக்குள் மீட்காவிட்டால் நகை அடகுக்காரருக்கு. இன்னொருவன், பக்கத்து நிலத்தை வாரத்துக்கு உழுகிற மூக்கன். அவனிடம் வலையும் நாலு நாய்களும் உண்டு.

“அப்பு, நேத்து ராத்திரி பன்னி எறங்கிருச்சு. நாலு சால் கடலை போச்சு. மூக்கன் வலை கட்டுறேங்கிறான். ஒரு வார்த்த சொல்லிட்டுக் கட்டுவோம்னு வந்தோம்” என்றாள் வெள்ளையம்மா.

கவனியுங்கள், அவர்கள் அனுமதி கேட்க வரவில்லை. மரியாதைக்குச் சொல்லிவிட்டுப் போக வந்தார்கள். நான் “சரி” என்று சொல்லியிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். நான் பீரோவைத் திறந்து பத்திரத்தை எடுத்து வாசித்தேன்.

“பன்னியுமா?” என்றான் மூக்கன்.

“சகலமும்.”

“ராவுத்தரு பன்னி சுடுவாரா?”

“சுடுறதும் சுடாததும் அவர் இஷ்டம்.”

“அப்ப இப்ப அந்தப் பன்னியெல்லாம் யாருக்குச் சொந்தம், ரைட்டரே?”

“ராவுத்தருக்கு.”

மூக்கன் சிரித்த சிரிப்பில் படியில் உட்கார வேண்டியதாயிற்று. “மதுவிலக்கு இருக்குற ஊர்ல நான் போயி இதச் சொன்னா, எங்கடா குடிச்சேன்னு போலீசு புடிச்சிக்கிருமே” என்றான்.

வெள்ளையம்மா சிரிக்கவில்லை. “கடலை யாருக்குச் சொந்தம் அப்பு?”

“பாதி உங்களுக்கு, பாதி பண்ணைக்கு.”

“உங்க மொதலாளி பாதியவும் சேத்துத்தான் அது திங்குது. அதுக்கு வாரம் பிரிக்கத் தெரியாது.”

இரண்டு நாள் பொறுக்கச் சொன்னேன். ராவுத்தரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கி வருகிறேன் என்றேன். அதுவரைக்கும் விரட்டலாம், கொல்லக்கூடாது என்று பெரிய மனது பண்ணி ஒரு சலுகையும் கொடுத்தேன். அவர்கள் ராத்திரி முழுக்கத் தகரம் தட்டினார்கள். முதல் நாள் பன்றிகள் ஓடின. மூன்றாம் நாள் நின்று கேட்டன. அதற்குப் பிறகு தகரச் சத்தத்தைச் சாப்பாட்டு மணி என்று எடுத்துக்கொண்டன.

திண்டுக்கல் தோல் மண்டிக்குள் நுழைந்தால் கண் கரிக்கும். ராவுத்தர் டீ வரவழைத்தார். நான் நேரே விஷயத்துக்கு வந்தேன்.

“நம்ம நிலத்துல பன்னி...”

அவர் கையைத் தூக்கினார். “செத்த இருங்க தம்பி. உள்ள ஆளுக இருக்காக.” என்னைத் தெருப்பக்கம் கூட்டி வந்து நிறுத்தி, “இப்பச் சொல்லுங்க” என்றார்.

சொன்னேன். பத்திரப்படி எல்லாப் பிராணியும் அவர் பாத்தியம், ஆகவே ஒன்று அவர் சுட வேண்டும், இல்லையானால் மற்றவர்கள் கொல்வதற்குச் சம்மதம் எழுதித் தர வேண்டும் என்றேன்.

“நான் அதக் குத்தகைக்கு எடுத்திருக்கேனா?”

“சகலமும்னு இருக்குங்க. வாசிச்சுத்தான் காட்டுனேன்.”

“அதுக்குக் காசும் குடுத்திருக்கேனா?”

“தனியா இல்லீங்க. மொத்தத் தொகையில சேந்தது.”

“நல்லாப் படிச்சிருக்கீங்க தம்பி” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “அடுத்த மாசம் எம் மகளுக்கு நிக்காஹ். இது வெளிய போனா என்னையத் தெருவுல வச்சுச் சிரிப்பாங்க. அடிச்சுக்கச் சொல்லுங்க. எனக்கு அது வேணாம். போதுமா?” என்றார்.

போதும். இந்த உலகத்தில் யாருக்கும் அது போதும். நான் அங்கேயே கும்பிட்டுவிட்டு அடுத்த பஸ்ஸுக்கு ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. பையைத் திறந்து, எழுதிக்கொண்டு போயிருந்த காகிதத்தை எடுத்து நீட்டினேன். ‘மேற்படி நிலத்திலுள்ள காட்டுப்பன்றிகளின் பேரில் எனக்குள்ள சகல பாத்தியங்களையும் விட்டுக்கொடுத்து...’ என்று அது ஆரம்பித்தது. ராவுத்தர் முதல் வரியோடு மடித்துவிட்டார்.

“எனக்கு அது பேர்ல பாத்தியம் இருந்துச்சுன்னு நானே கையெழுத்துப் போடணுமா?”

“விட்டுக் குடுக்குறதுக்குத்தாங்க.”

“இருக்குறதத்தானே விட முடியும்? நான் எடுக்கவே இல்லைங்கிறேன், எடுக்காதத எப்புடி விடுறது? அதான் வாயால சொல்லிட்டேனே.”

“வாய்ச்சொல்லு ஆபீசுல செல்லாதுங்க.”

“எங் கையெழுத்து எங்க ஜமாத்துல செல்லும் தம்பி. அதனாலதான் போட மாட்டேங்கிறேன். டீயக் குடிங்க, ஆறுது.”

ஊருக்கு வந்து, கையெழுத்து கிடைக்கவில்லை என்று சொன்னேன். “என்ன சொன்னாரு?” என்று மூக்கன் கேட்டான். அடித்துக்கொள்ளச் சொன்னார் என்றேன். “பெறகென்ன?” என்றான். எழுத்தில் இல்லையே என்றேன். அவன் வெள்ளையம்மாவைப் பார்த்தான். வெள்ளையம்மா ஆகாசத்தைப் பார்த்தாள்.

நாளைக்கு ராவுத்தர் மனம் மாறி, பிராணிக்கு இருபது ரூபாய் கேட்டால் ஆபீஸ் என்ன பதில் சொல்லும்? இதுதான் என் பயம். அந்தப் பயத்தில் அடுத்த வாரம் இரண்டாவது காகிதம் ஒன்று தயார் செய்தேன். அதில் அந்தப் பெயரே கிடையாது. ‘நிலக்கடலையைத் தோண்டித் தின்னும் நாற்கால் பிராணி’ என்று நாசூக்காக எழுதியிருந்தேன். அதைப் படித்த ராவுத்தர், “பேரச் சொல்லாட்டி ஆளு யாருன்னு தெரியாதாக்கும்?” என்றார். பக்கத்தில் இருந்த அவருடைய மச்சான், “எலின்னு மாத்தி எழுதுங்க, நான் போடுறேன்” என்றார். அது பொய்ப் பத்திரம் ஆகிவிடும் என்று மறுத்துவிட்டேன். நான் நேர்மையானவன் என்பதற்கு இதைத்தான் அத்தாட்சியாகக் காட்ட முடியும்.

வெளியூரில் இருந்த முதலாளிக்குக் கடிதம் போட்டேன். ‘எழுதியது நீ. நீயே பார்’ என்று ஒரு கார்டு வந்தது. எங்கய்யாவிடம் யோசனை கேட்டேன். “ஏலே, நான் கைநாட்டு வச்சு அஞ்சு ஆட்டத் தொலைச்சேன். நீ கையெழுத்து வாங்கப் போயி ஊர்க் கடலையத் தொலைக்கிற. அதான் படிப்பு” என்றார்.

பதினேழாம் நாள் வெள்ளையம்மா ஆபீசுக்குள் வந்தாள். இதற்கு முன்னால் அவள் வாசற்படி தாண்டியதில்லை. வேரோடு பிடுங்கிக் கிடந்த கடலைச் செடிகளை ஒரு கட்டாகக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தாள். வேரில் ஒரு காய் இல்லை.

“எங்க காட்டுல உம் படிப்பு மேயுது அப்பு. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போ.”

போனேன். அந்தப் பதினேழு நாளில் நான் திண்டுக்கல்லுக்கு இரண்டு தடவை போயிருக்கிறேன். பக்கத்தில் இருக்கிற அந்த நிலத்துக்கு ஒரு தடவைகூடப் போகவில்லை. புதிதாக உழுதது போல மண் புரண்டு கிடந்தது. ஏரால் உழுதால் சால் நேராக இருக்கும், இது கண்டபடி போயிருந்தது. வெள்ளையம்மா ஓரத்தில் மிச்சம் இருந்த செடிகளை எண்ணுவதுபோலப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “வெதைக்காகக் காத வச்சேன். வெதை போயிருச்சு. இப்ப மிஞ்சுனதும் போனா கார்த்திகையில காதும் போயிரும். நீ வேணும்னு செய்யல, தெரியும். ஆனா பன்னியும் வேணும்னு செய்யலயே.”

நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். என் சம்பளம் மாதம் நாற்பத்தைந்து. முதலாளி கைவிரித்துவிட்டதால் ஈட்டை நான்தான் கட்ட வேண்டும்; பிராணிக்கு இருபது என்றால், இரண்டு பன்றி விழுந்தால் தாங்குவேன். மூன்றாவது விழுந்தால் அடுத்த மாதச் சம்பளத்தில் கைவைக்க வேண்டும். அங்கேயே நின்று, வாழ்க்கையில் முதல் தடவையாக எழுதாமல் ஓர் உத்தரவு போட்டேன்.

“வலை கட்டுங்க.”

“எழுதித் தாரீகளா?” என்றான் மூக்கன்.

கேலி செய்கிறான் என்று புரிய எனக்குச் செத்த நேரம் ஆயிற்று. அதற்குள் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துவிட்டேன்.

அன்றைக்குப் படுக்கும்போது இரண்டே இரண்டு விழ வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். காலையில் போய்ப் பார்த்தால் ஐந்து கிடந்தன. ஊரே சந்தோஷமாக இருந்தது. நான் மட்டும் நூறு ரூபாய்க்கு நின்றுகொண்டிருந்தேன்.

கூறு போடுவதை ஓரமாக நின்று பார்த்தேன். பதினோரு வீட்டுக்கும் சமமாகப் பதினோரு கூறு. வலைக்கு ஒரு கூறு. நாய்களுக்கு ஒரு கூறு, அதிலும் காயம்பட்ட நாய்க்குக் கொஞ்சம் கூடுதல். ஒரு வீட்டில் எல்லாரும் காய்ச்சலில் கிடந்ததால் யாரும் வரவில்லை, அவர்கள் கூறை இலையில் கட்டித் தனியாக வைத்தார்கள். எல்லாம் வெற்றிலை போடுகிற நேரத்துக்குள் முடிந்துவிட்டது. ஒரு முணுமுணுப்பு இல்லை. இதை எழுத நான் உட்கார்ந்திருந்தால் எத்தனை பக்கம் ஆகியிருக்கும், அதில் காய்ச்சல் வீட்டுக்கு இடம் இருந்திருக்குமா என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில் மூக்கன் சின்னதாக ஒரு கூறு எடுத்து என்னிடம் நீட்டினான்.

“இது யாருக்கு?” என்றேன்.

“பத்திரத்துக்கு.”

வாங்கிக்கொண்டேன். வேறென்ன செய்வது?

மறுநாள் திண்டுக்கல்லுக்குப் போனேன். மாதம் பத்து ரூபாயாக நூறு ரூபாயைக் கட்டிவிடுகிறேன் என்று ஒரு உறுதிமொழியை எழுதிப் பையில் வைத்திருந்தேன். ராவுத்தர் நிக்காஹ் வேலையில் இருந்தார்.

“ஒப்பந்தத்த மீறிட்டோம்ங்க. அஞ்சு விழுந்துருச்சு” என்றேன்.

“எது அஞ்சு?”

யார் காதிலாவது விழுந்துவிடுமோ என்று நான் சுற்றிலும் பார்த்தேன்.

“கவுதாரியா?”

“இல்லீங்க.”

“முயலா?”

“இல்லீங்க.”

“அப்ப எங் குத்தகையில ஒண்ணும் கொறையல. எதுக்கு வந்தீங்க?”

“பிராணிக்கு இருவது ரூவா வீதம் நீங்க கேக்கலாம்ங்க. ஷரத்து இருக்கு.”

ராவுத்தர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “தம்பி, அந்தக் காசக் கேக்கணும்னா நான் என்னன்னு சொல்லிக் கேக்கணும்? ‘எங் குத்தகையில இருந்த இன்னதக் கொன்னுட்டாங்க’ன்னு சொல்லணும். நான் சொல்லுவேனா?”

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடக்கும்போதுதான் எனக்கு அது முழுசாக உறைத்தது. அந்த நிலத்தில் நூறு பன்றி விழுந்திருந்தாலும் கேட்பதற்கு ஆளே கிடையாது. கேட்க ஆளில்லாத காசுக்குப் பயந்து, கேட்டுக்கொண்டே நின்ற பதினோரு குடும்பத்தைப் பதினேழு நாள் நிறுத்தி வைத்திருக்கிறேன். உங்களுக்கு நான் சொல்ல வேண்டிய புத்தி ஏதாவது உண்டென்றால் இதுதான்: ஷரத்தைக் காட்டி ஒருவரைத் தடுப்பதற்கு முன்னால், அதை மீறினால் வந்து கேட்கப்போகிறவர் யார் என்று ஒரு தடவை அவர் முகத்தை நினைத்துப் பாருங்கள். முகம் எதுவும் தெரியவில்லை என்றால் வழியை விட்டுவிடுங்கள்.

கடலை எடுத்துக் களத்தில் குவித்தபோது முதலாளி வந்தார். போன வருஷத்தோடு பார்த்தால் குவியல் சின்னது. வந்ததில் பாதியை அளந்து எடுத்துக்கொண்டு போவதாக இருந்தார். நான் முன்னால் போய் நின்றேன்.

“குடும்பங்களுக்கு ஆன நஷ்டத்த நாம ஏத்துக்கணும்ங்க.”

“பன்னி தின்னதுக்கு நான் என்னப்பா பண்ணுவேன்? எல்லா ஊர்லயும்தான் திங்குது.”

“எல்லா ஊர்லயும் மறுநாளே அடிச்சிருவாங்க. இங்க நம்ம பத்திரம் தடுத்துச்சு. மொத ராத்திரி தின்னது பன்னி கணக்கு. அதுக்குப் பெறகு தின்னதெல்லாம் நம்ம கணக்கு.”

“உங் கணக்கு.”

“ஆமாங்க. எஞ் சம்பளத்துல புடிச்சுக்கங்க.”

“உஞ் சம்பளத்துல புடிக்கிறதுன்னா, நீ கெழவனாகுற வரைக்கும் உன்னைய வேலைக்கு வச்சிருக்கணும். அது இதவிடப் பெரிய நஷ்டம்” என்றார். பிறகு வெள்ளையம்மாவிடம் திரும்பி, “உனக்கு எம்புட்டு போச்சு?” என்றார்.

கிடந்த நிலையைப் பார்த்து ஒன்பது மூட்டை என்று நான் மனதில் வைத்திருந்தேன். அவளும் அதைச் சொல்லியிருந்தால் மறுக்க யாரும் இல்லை.

“ஏழு மூட்டை. மொத ராத்திரி போனத விட்டுட்டேன். மேக்க ஒரு மூலையில காய் பிடிக்காமப் போனது மழையால, அதையும் விட்டுட்டேன். பன்னி தலையில எல்லாத்தையும் போடக் கூடாதுல்ல.”

முதலாளி களத்தில் நின்ற மற்றவர்களைப் பார்த்தார். “அடுத்த வருசம் எல்லாரும் உழுவீகல்ல?”

எல்லாரும் வெள்ளையம்மாவைப் பார்த்தார்கள். வெள்ளையம்மாதான் சொன்னாள்: “பத்திரத்தப் பாத்துட்டுச் சொல்றோம்ங்க.”

முதலாளி வியாபாரி. பதினோரு குடும்பமும் ஏரை அவிழ்த்துவிட்டுப் போய்விட்டால் கரடும் கவுதாரியும் மட்டும்தான் மிஞ்சும், அதற்கு வருஷம் முந்நூற்றைம்பதுதான் என்பதை அவர் என்னைவிட வேகமாகக் கணக்குப் போட்டிருப்பார். “ஒவ்வொருத்தரா வந்து சொல்லுங்க. இந்த அம்மா சொன்ன மாதிரிச் சொல்லுங்க” என்று கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தார். வெள்ளையம்மா சொன்னதற்குப் பிறகு யாராலும் ஒரு மரக்கால் கூட்டிச் சொல்ல முடியவில்லை. சிலர் அரை மூட்டை, சிலர் இரண்டு. ஒருவர் தனக்கு ஒன்றுமே போகவில்லை, தகரம் தட்டித் தட்டிக் கைதான் போனது என்றார்.

வெள்ளையம்மாவின் பாதிப் பங்குக்கு மூன்றரை மூட்டை விலை எழுபத்தேழு ரூபாய். அதை வாங்கி முந்தியில் முடிந்துகொண்டு, மிஞ்சிய கடலையையும் விற்று, கெடுவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது தண்டட்டியை மீட்டாள். அடகுக் கடைக்குத் துணைக்கு வரட்டுமா, ரசீதை நான் படித்துப் பார்க்கிறேன் என்று கேட்டேன். “வேணாம் அப்பு. நீ படிச்ச வரைக்கும் போதும்” என்றாள்.

எல்லாக் குடும்பத்துக்கும் சேர்த்து இருபத்து மூன்று மூட்டை. அன்றைய விலை மூட்டைக்கு இருபத்திரண்டு ரூபாய். அதில் பாதியைக் குடும்பங்களுக்குக் கையில் கொடுத்தோம். மறுபாதி பண்ணைக்கு வாரமாக வந்திருக்க வேண்டியது, வரவில்லை. இரண்டையும் இந்தத் தடவை நானே கூட்டினேன், மூக்கனை விட்டு ஒரு தடவை சரிபார்க்கவும் சொன்னேன்: ஐந்நூற்றாறு ரூபாய். வேட்டைக் குத்தகையில் வந்தது முந்நூற்றைம்பது.